திருத்து, செப்பனிடு, மராமத்து: எதை எங்கே சொல்வது?

'திருத்து' என்பதற்கு இணைச்சொற்கள் எவை, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளில் நெருக்கம் உண்டு. ஆனால் இடம் மாறினால் சொல் ஒட்டாது.

பிழை இருக்கும் இடத்துக்குத்தான் 'திருத்து' பெரும்பாலும் பொருந்தும்: விடைத்தாள், கட்டுரை, பழக்கம். கரம்பு நிலத்தையும் தலைமுடியையும்கூடத் திருத்துகிறோம். 'திருந்து' என்ற தன்வினை பெரும்பாலும் மனிதனுக்கு உரியது. படகு திருந்தாது.

எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். பலகை மாற்றுவது, இடுக்கு அடைப்பது, வர்ணம் பூசுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அரபியில் பிறந்த சொல்தான். ஆனால் 'குடிமராமத்து' (ஊரார் கூடி நீர்நிலையைப் பழுதுபார்ப்பது) என்று கண்மாய்க்கரை வரை வேரூன்றிவிட்டது. அதை அயற்சொல் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

வலை வேலை வேறு. கிழிந்த வலைக்கண்களின் ஓரத்தைக் கத்தியால் நறுக்கி, ஊசியில் நூல் சுற்றி, கண் கண்ணாகப் பின்னிச் சேர்ப்பார்கள். இதற்குச் 'செப்பனிடுதல்' அழகாகப் பொருந்தும்.

'சீரமை' பெரிய கட்டுமானத்துக்கு. 1964 புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சீரமைத்தார்கள். 2025-ல் திறக்கப்பட்டதோ புதிதாகக் கட்டிய பாலம்; அதைச் 'சீரமைத்த பாலம்' என்று எழுதுவது தவறு.

உரிமத்துக்குப் பொருந்துவது 'புதுப்பி': உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். 'மாற்றியமை' என்பதற்குக் குறை இருந்தாக வேண்டும் என்பதில்லை. நன்றாக ஓடும் பஸ்ஸின் நேரத்தையும் மாற்றியமைக்கலாம்.