வீட்டு எண்ணைப் பிடியுங்கள்

ஐயா,
திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் குடும்பப் பெயரான 'வொய்திவா' ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததா? இணையத்தில் பெயர்ப் பரவல் வரைபடம் பார்த்தேன். போலந்தின் மேற்கே வ்ரோத்ஸ்வாஃப் நகரப் பக்கமும் புள்ளிகள் இருக்கின்றன. பூர்வீகம் அதுதானா? அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் இப்படிப்பட்ட பெயர்களை மாற்றினார்களா?
செந்தில், மதுரை

அன்புள்ள செந்தில்,

ஊர்த்தலைவர் விளக்கமும் உண்டு. வொய்ச்செக் என்ற இயற்பெயரின் செல்லச் சுருக்கம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எல்லிஸ் தீவுக் கதையை விட்டுவிடுங்கள். 1892இல் திறந்த அந்த நிலையத்தில் யாரும் பெயர் சூட்டவில்லை. கப்பல் ஏறிய துறைமுகத்தில் எழுதிய பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தை நம்பினீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். கொஞ்ச நாளாக மனதில் ஓடுவதும் இதுதான். அது இன்றைய முகவரிகளின் படம். 1945இல் போலந்தின் எல்லையே மேற்கே நகர்ந்தது. வ்ரோத்ஸ்வாஃபின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட, கிழக்கே லிவிவ் பக்கத்திலிருந்து வந்தவர்களும் நிலம் போதாத தெற்குக் கிராமத்தாரும் அங்கே குடியேறினார்கள். இதைத் தாண்டாமல் பூர்வீகம் பேசலாமா?

இந்தக் குடும்பம் க்ராகோவுக்குத் தென்மேற்கே உள்ள சானியெட்ஸ் கிராமத்தது. தாத்தா மாச்செய், தையல்காரர், லிப்னிக்குக்குப் போனார். 1879இல் அங்கே பிறந்த மகன் ஆஸ்திரியப் படையில் சேர்ந்து வாதோவிட்சேக்கு வந்தார். 1920இல் திருத்தந்தை பிறந்தது அங்கேதான்.

1772 முதல் 1918 வரை அந்த வட்டாரம் ஆஸ்திரிய ஆட்சிப் பகுதி. 1784க்குப் பிறகு ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில், கட்டம் கட்டமாக இருக்கும்: தேதி, வீட்டு எண், குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர். அதில் வொய்ச்செக் 'அடால்பெர்ட்டுஸ்' ஆகிவிடுவார். 'வொய்ச்செக்' என்று தேடினால் கடைசிவரை அகப்படமாட்டார். குடும்பப் பெயரில் ஒரு பாதிரியார் 'ஜே' போட்ட இடத்தில் இன்னொருவர் 'ஒய்' போடுவார். வீட்டு எண் மட்டும் எளிதில் அசையாது. ஆகவே பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள். பிறப்புப் பதிவிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணைத் திருமண, இறப்பு ஏடுகளில் தேடி 20, 25 ஆண்டுகள் பின்னே போங்கள். ஒரே பெயருள்ள பங்காளிகளைப் பிரித்துக் காட்டுவதும் அந்த எண்தான். ஊருக்கு மறு எண் இட்ட ஆண்டில் சங்கிலி அறும். அங்கே தாயின் பிறந்த வீட்டுப் பெயரைக் கொண்டு முடிச்சுப் போடுங்கள். திருமணப் பதிவு கிடைக்கவில்லையா? பெண்ணின் ஊர்ப் பங்குக் கோயில் ஏட்டில் பாருங்கள், கல்யாணம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், செந்தில். வரைபடத்தை மூடிவிட்டு, லிப்னிக்கின் 1879ஆம் ஆண்டு ஏட்டிலிருந்து தொடங்குங்கள்.