தோற்ற பிறகு சொல்லப்படும் காயம்

கேள்வி: தோல்வியடைந்த வீரர்கள் பலர், ஆட்டம் முடிந்த பிறகே தமக்குக் காயம் இருந்ததாகச் சொல்கிறார்கள். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இதை ரசிகர்கள் எப்படி நம்புவது?

பதில்: உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2011-இல் விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் தோற்ற குத்துச்சண்டை வீரர் டேவிட் ஹே, காயம்பட்ட கால் சுண்டுவிரலைச் செய்தியாளர்களிடம் காட்டியபோது, இரங்கியவர்களைவிட நகைத்தவர்களே அதிகம்.

ஆனால் பிந்திச் சொல்லப்பட்டது என்பதாலேயே ஒரு காயம் பொய்யாகிவிடாது. 2015-இல் ஃபிளாய்ட் மேவெதரிடம் தோற்ற குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ், அதன் பிறகே தோள்பட்டைக் காயத்தைப் பற்றிப் பேசினார். சில நாள்களிலேயே அவருக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. காயம் உண்மை. எனினும், போட்டிக்கு முன் குத்துச்சண்டையை நெறிப்படுத்தும் ஆணையத்திடம் அளிக்கப்பட்ட படிவத்தில் தோள்பட்டையில் காயம் இல்லை என்றே குறிக்கப்பட்டிருந்ததால், பணம் கட்டிப் பார்த்த ரசிகர்கள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றங்கள் அவற்றைத் தள்ளுபடி செய்தன. அந்த ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும், வலிக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவித்தால் எதிராளி அந்த இடத்தையே குறிவைப்பார் என்பதால், எந்த வீரரும் மறைக்கவே முயல்வார்.

'பயிற்சியில் நன்றாகத்தானே ஓடினார்' என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. தொடையின் பின்தசையில் காயமுள்ளவர் மெதுவாக ஓடும்போது பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. முழு வேகத்தில் கால் முன்னே நீளும் கணத்தில்தான் அந்தத் தசை கடுமையாக இழுபடுகிறது. அரங்கிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

சீனத் தடையோட்ட வீரர் லியு சியாங்குக்கு நேர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், 2008-இல் சொந்த நாட்டு மக்கள் திரண்டிருந்த பெய்ஜிங் அரங்கில், குதிகால் தசைநார்க் காயத்தால் முதல் சுற்றிலேயே விலகியபோது, நடிக்கிறார் என்று பலர் தூற்றினர். 2012-இல் லண்டனில் முதல் தடையிலேயே இடறி விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்திருந்தது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி எல்லைக்கோடு வரை சென்ற அவர், வழியில் கடைசித் தடையின் அருகே நின்று, குனிந்து அதை முத்தமிட்டார்.