கிணறு ஏன் உவர்க்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால்

ஆரம்பக் கல்வி தொடர்பாக வாசகர் அனுப்பும் கேள்விகளுக்கு, ஆசிரிய பயிற்சியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கும் பகுதி இது.

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு அருகிலுள்ள கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் தரம் 4 கற்பிக்கின்றேன். பிள்ளைகள் தாமே கேள்வி எழுப்பித் தாமே தேடிக் கற்கும் முறையை இந்தத் தவணையில் செய்து பார்க்குமாறு அதிபரான அருட்சகோதரி கேட்டுக்கொண்டார். ஆளுக்கொரு தாள் கொடுத்து, அறிய விரும்புவதை எழுதச் சொன்னேன். "மீன் உண்மையிலேயே பாடுமா?", "கடவுளை யார் படைத்தது?", "எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆவணி மாதத்தில் மட்டும் ஏன் உவர்க்கிறது?" என்று 36 தாள்கள் வந்தன. இரண்டே நாளில் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. மீண்டும் கரும்பலகைக்கே திரும்பிவிட்டேன். எங்கே தவறினேன்?
— ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: கேள்விகளை வாங்கியதில் நீங்கள் தவறவில்லை. வாங்கிய 36 கேள்விகளையும் ஒரே நாளில் ஒரே மேசையில் பரப்பியதுதான் தவறு. பிள்ளை முன்னின்று தேடும் வகுப்பில் ஆசிரியருக்கு வேலை குறைந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் வேலை கூடுகிறது. பேசும் நேரம் மட்டுமே குறைகிறது. பிள்ளையின் கேள்வியைப் பிள்ளையின் கைக்கு எட்டும் கேள்வியாக்கித் தருவதுதான் அங்கே ஆசிரியரின் முதல் வேலை. அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

தாள்களை மறுபடியும் எடுத்து மூன்று கட்டாகப் பிரியுங்கள். பிள்ளைகள் தம் கையாலும் கண்ணாலும் சோதிக்கக்கூடியவை ஒரு கட்டு. பெரியவரிடமோ நூலிலோ கேட்டறிய வேண்டியவை இன்னொரு கட்டு. எந்த அளவுகோலுக்கும் அகப்படாதவை மூன்றாவது. "கடவுளை யார் படைத்தது?" என்பது மூன்றாவது கட்டில் சேரும், அதைக் குப்பையில் போடாமல் சமய பாட வேளைக்கு எடுத்து வையுங்கள். பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்வது நல்லது, ஏனெனில் "இதை நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்று ஒவ்வொரு தாளையும் நோக்கிக் கேட்கப் பழகிய வகுப்பு பாதித் தூரத்தைக் கடந்துவிட்ட வகுப்பாகும்.

உங்களுக்குக் கிடைத்தவற்றுள் பொன்னான கேள்வி கிணற்றைப் பற்றியது. நம்முடைய கரையோர மணலில் மாரி மழை ஊறி இறங்கும்போது, அடர்த்தி குறைந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஓர் ஏடுபோல மிதந்து நிற்கிறது. கோடையில் மழையின்றி, இறைப்பும் கூடும்போது அந்த ஏடு மெலிந்து, உவர்நீர் மேலேறுகிறது. ஆவணி உவர்ப்பின் காரணம் இதுவே. ஆனால் இதைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள். நானும் ஆசிரியத் தொழிலின் முதற் சில ஆண்டுகளில் கேள்வி முடியுமுன்பே விடையை எடுத்து நீட்டியவன்தான்; அப்போதெல்லாம் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த கேள்வி ஒருபோதும் வராது.

பதிலாக இப்படித் தொடங்கலாம். வெவ்வேறு இடங்களிலுள்ள ஐந்து கிணறுகளின் நீரைப் பிள்ளைகள் போத்தலில் கொண்டுவரட்டும். ஒன்று வாவிக்கு மிக அண்மையிலும் ஒன்று தொலைவிலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி நீரைக் கருமையான தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவிட்டால், எஞ்சும் வெண்படலத்தைக் கண்ணாலேயே ஒப்பிடலாம். (அந்தப் படலம் முழுவதும் உப்பன்று, சுண்ணமும் கலந்திருக்கும், ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அதைக் கேட்டால் மகிழுங்கள்.) கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் நீரின் ஆழம் தெரியும், இதைப் பெற்றோர் அருகில் நிற்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். சாயம் கலந்த உப்புநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்து, அதன் மேல் நன்னீரைக் கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக ஊற்றினால் இரண்டு படைகளாக நிற்கும். அந்தக் குவளையைப் பார்க்கும் கணத்தில் வகுப்பில் யாரோ ஒருவர் "ரீச்சர், கிணத்துக்குள்ளயும் இப்பிடித்தானா?" என்று கேட்பார். அவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள். இந்த அளவீட்டை இரண்டாம் தவணையில் தொடங்கி, வடகீழ் பருவமழை இறங்கும் மூன்றாம் தவணை முடிவுவரை கொண்டுபோனால், கொப்பியிலுள்ள எண்களே ஆவணிக்கும் கார்த்திகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

நம் வாவியில் இரவில் கேட்கும் ஓசைக்குக் காரணமென்று சொல்லப்படும் பாடும் மீன் இரண்டாவது கட்டுக்குரியது என்று நீங்கள் நினைக்கலாம். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்து 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனண்ட் நிலவொளியில் தோணியில் சென்று அந்த ஓசையைக் கேட்டு எழுதினார். மீனவர் அவரிடம் காட்டியது ஊரிகள் எனப்படும் சிறு நத்தை இனங்களை. பின்னர் புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அவ்வோசையைப் பதிவு செய்தார். மீனா, ஊரியா என்பது இன்றும் முடிந்த வழக்கன்று. பெரியவர்களுக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று தம் ஊரிலேயே இருக்கிறது என்று அறிவது பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கௌரவம். ஆனால் பௌர்ணமி இரவில் 36 பிள்ளைகளைக் கல்லடிப் பாலத்துக்கு அழைத்துப்போக எந்த அதிபரும் ஒப்பமிட மாட்டார். அதற்காகக் கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் ஓசை தெளிவாகக் கேட்கும் என்று மீனவர் சொல்வர் அல்லவா? அதையே வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். நீண்ட மேசையின் ஒரு முனையில் ஒரு பிள்ளை நகத்தால் சுரண்டட்டும். மறுமுனையில் ஒரு பிள்ளை முதலில் நிமிர்ந்திருந்தும், பிறகு காதை மரத்தில் வைத்தும் கேட்கட்டும். எட்டாத கேள்வி எட்டும் கேள்வியாவது இப்படித்தான்.

இது பாடத்திட்டத்துக்குப் புறம்பானது என்று யாரேனும் சொன்னால் தயங்காதீர்கள். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாக்கி, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றையும் கற்பித்தலின் வழிகளாக ஏற்றுக்கொண்டது. நீர், மழை, ஒலி எல்லாம் அதற்குள் அடங்குவனவே. ஆசிரிய ஆலோசகர் வரும்போது பாடக்குறிப்பில் அந்தத் தேர்ச்சிகளைக் காட்டினால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அறிமுகமில்லாத பொருளில் பிள்ளைகளைத் துணையின்றி விட்டால் அவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை கல்வியியலாளரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அவர்களின் முடிவு முழுவதையும் நான் ஏற்பதில்லை; ஆனாலும் உங்கள் வகுப்பு சந்தையான கதைக்கு அதில் விளக்கம் இருக்கிறது. ஆகவே முதற் தேடலில் கேள்வியும் வழியும் உங்களுடையனவாக இருக்கட்டும். அடுத்ததில் வழியைப் பிள்ளைகள் வகுக்கட்டும். கேள்வி, வழி இரண்டும் அவர்களுடையனவாவது மூன்றாவது, நான்காவது தேடலில்தான். ஒரு தவணைக்கு ஒரு தேடல் என்றால்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதவுள்ளார். பாடசாலையில் கிணற்றுத் தண்ணீரைக் காயவைத்துப் பார்க்கிறார்கள். மற்றைய பாடசாலைகளில் மாதிரி வினாத்தாள் செய்கிறார்கள். இது பிள்ளையின் நேரத்தை வீணாக்குவதாகாதா?
— ஒரு தந்தை, கல்முனை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. தேடிக் கற்கும் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் இயலாது. தரம் 5 பரீட்சையின் முதலாம் வினாத்தாள் நினைவாற்றலைவிடச் சிந்தித்து ஒழுங்கு காணும் திறனையே பெரிதும் சோதிக்கிறது என்பதையும், அட்டவணையில் எண்களை நிரப்பி அவற்றிடையே தொடர்பைத் தேடிய பிள்ளைக்கு அது அந்நியமாகத் தோன்றாது என்பதையும் மட்டும் சொல்லலாம். வினாத்தாள் பயிற்சியும் தேவைதான். தரம் 3இலும் 4இலும் தேடலுக்குக் கூடுதல் இடம் கொடுத்து, பரீட்சை நெருங்கும் மாதங்களில் குறைத்து, பரீட்சை முடிந்தபின் மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பரீட்சைக்குப் பிந்திய அந்த மாதங்கள் நம் பாடசாலைகளில் பெரும்பாலும் பாழாகவே போகின்றன. இன்னொன்று: பாடசாலை முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து இன்னொரு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு வெண்படலத்தைப் பார்க்கும் இருபது நிமிடம் வீணா, அல்லது மூன்றாவது ரியூசன் வீணா என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மறைக்கல்வி ஆசிரியையாக இருபது ஆண்டுகள் பணியாற்றியவள் நான். கத்தோலிக்கப் பாடசாலையில் எதையும் கேள்வி கேட்கலாம் என்று பிள்ளைகளைப் பழக்கினால், நாளைக்கு விசுவாசத்தையே கேள்விக்குட்படுத்த மாட்டார்களா?
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: அம்மா, நீங்கள் கற்பித்த மறைக்கல்வியிலிருந்தே பதில் சொல்கின்றேன். காணாமற்போன சிறுவன் இயேசுவைப் பெற்றோர் எருசலேம் ஆலயத்தில் கண்டபோது அவர் போதகர்கள் நடுவில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா நற்செய்தி 2:46 கூறுகிறது. அதே நற்செய்தியில் வானதூதரிடம் சக்கரியாவும் கேட்கிறார், மரியாவும் கேட்கிறார். சக்கரியா பேச்சிழக்கிறார், மரியா விளக்கம் பெறுகிறார். சக்கரியா நம்பாமல் கேட்டார் என்பதை வானதூதரே சொல்கிறார். ஆகவே திருத்த வேண்டியது கேட்பதை அன்று, கேட்கும் மனநிலையை. புனித தோமஸ் அக்குவைனாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஒவ்வொரு பொருளையும் கேள்வியாகவே வைத்து, தமக்கு எதிரான வாதங்களை முதலில் எழுதிவிட்டுத்தான் தம் பதிலைத் தொடங்குகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்குக்கூட அவர் விலக்களிக்கவில்லை. நம் மாவட்டத்துக்கு நன்கு பழக்கமான இயேசு சபையினர் 1993இல் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டி, சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு என்ற ஐந்தையும் ஒரு சுற்றாக வைக்கிறது. கிணற்றைத் தேடும் பிள்ளை செய்வதும் ஏறத்தாழ அதுவே. அந்தச் சுற்றில் "சிந்தனை" என்ற படி, "இந்தத் தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?" என்று பிள்ளையைக் கேட்க வைக்கும்போதுதான் கத்தோலிக்கப் பாடசாலை தன் பெயருக்கு ஏதேனும் செய்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் உங்கள் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின் பெரும்பாலான மிஷன் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றுவிட்டது. இன்று ஒரே வாங்கில் கத்தோலிக்க, இந்து, முஸ்லிம் பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் வழிபாட்டை இன்னொரு பிள்ளை "சோதித்துப் பார்க்கும்" பொருளாக்க ஆசிரியர் இடங்கொடுக்கக் கூடாது. கண்ணகை அம்மன் சடங்கைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அறிய விரும்பும் பிள்ளை, அதை வீட்டில் கடைப்பிடிக்கும் பிள்ளையிடம் விருந்தினராகக் கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒரு மாணவி "சுனாமி எங்கள் வீட்டை மட்டும் ஏன் எடுத்தது?" என்று எழுதியுள்ளார். அவருடைய அம்மம்மாவும் பெரியம்மாவும் 2004இல் இறந்தவர்கள். இதைத் தேடலாக எடுக்கலாமா?
— ஓர் ஆசிரியர், திருக்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்த மாணவியின் தாயிடம் தனியே பேசுங்கள். அவர் வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் சம்மதித்தாலும் இறந்தவர்களைக் கணக்கெடுக்கும் வேலையாக அது மாறக் கூடாது. கரையின் உயரம், வீட்டுக்கும் கடலுக்கும் இடையிலான தூரம், இடையில் மரங்களோ மணல்மேடோ இருந்தனவா என்பன அளக்கக்கூடியவை. ஒரே கிராமத்தில் நீர் ஏன் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் வந்தது என்று பிள்ளைகள் ஒரு தட்டில் மணலும் நீரும் வைத்துப் பார்க்கலாம். "எங்கள் வீட்டை மட்டும்" என்ற சொற்களுக்குள் இருக்கும் மற்றக் கேள்வியை எந்தத் தட்டும் தாங்காது. அதற்குக் குடும்பத்தாரும், பிள்ளை விரும்பினால் அவர் வணங்கும் சமயத்தின் பெரியவரும் வேண்டும். வேலையை மார்கழிக்கு முன்பே முடித்துவிடுங்கள். சுனாமி வந்த 26ஆம் திகதி விடுமுறையில் வருவதால், அந்த நாளில் அவர் வகுப்புத் தோழர்களின்றி வீட்டில்தான் இருப்பார். இடையில் ஒருநாள் "வேண்டாம் சேர்" என்று அவர் சொன்னால், காரணம் கேளாமல் அன்றே நிறுத்தி, குழுவுக்கு வேறொரு தாளை எடுத்துக் கொடுங்கள்.