புலி தெரியுமா அண்ணாச்சி? களக்காடு முண்டந்துறைக் காடு: கேள்வி பதில்

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறை மலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவிட்டேன். வந்த கேள்விகளில் பாதி புலியைப் பற்றி. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முண்டந்துறைக்கு வருகிறோம். புலி தெரியுமா அண்ணாச்சி?

தெரியாது தம்பி. அங்கேயே கிடந்து வேலை பார்க்கிற வனக்காவலர்களுக்கே நேரில் படுவது அபூர்வம். கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல், தானியங்கி கேமரா, இவற்றை வைத்துத்தான் புலி இருப்பதைச் சொல்கிறார்கள். முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். களக்காடு 1976-ல் வந்தது. 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பெயரைப் பார்த்து முதுமலை மாதிரி நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். மேலே இருப்பது மழைக்காடு. வெயில் தரைக்கு இறங்காது, புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மான் கூட்டம் எங்கிருந்து வரும்? மான் குறைந்தால் புலியும் குறைவு. கீழே முண்டந்துறைச் சமதளத்தில்தான் புள்ளிமானும், மிளா என்கிற பெரிய மானும் மேயும். பொழுது சாய்கிற நேரம் மிளா கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், சின்னதொன்றுமில்லை அது.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கல்லூரி மாணவி: மலையடிவாரம் முள்ளுக்காடாக வறண்டு கிடக்கிறது. மேலே மாஞ்சோலையில் மேகம் தரையில் உருளுகிறது. ஒரே மலைதானே?

நல்ல கேள்வி தாயி. ஆனியிலும் ஆடியிலும் நம்மூர் எப்படி இருக்கும்? திருநெல்வேலி டவுனில் காற்றும் புழுதியும்தான். ஆனால் அதே வாரம் பேப்பரில் பாபநாசம் அணை நீர்மட்டம் கிடுகிடுவென ஏறியிருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் மோதி, மலைமுகட்டைத் தாண்டி மிச்சத்தை மேலேயே கொட்டிவிடுகிறது. அடிவாரத்துக்கு வருவது வெறும் காற்று. அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்துச் சரிவில் நேராக மோதும். அப்போது மழை அளவுப் பட்டியலில் நாலுமுக்கு, ஊத்து என்று மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெயர்கள் மேலே நிற்பதைப் பார்த்திருப்பாய். ஆக உச்சிக்கு இரண்டு மழையும் உண்டு, அடிவாரத்துக்கு ஒன்றுதான். அதனால்தான் கீழிருந்து ஏறும்போது முள்ளுக்காடு, இலையுதிர் காடு, பிறகு பசுமைமாறாக் காடு என்று படிப்படியாக மாறுகிறது. மாசி, பங்குனி தவிர மேலே ஈரம் காய்வதே இல்லை. அந்த ஈரம்தான் கோடையிலும் கசிந்து கசிந்து தாமிரபரணியாக வருகிறது. 143 அடி பாபநாசம் அணையும் 118 அடி மணிமுத்தாறு அணையும் பிறகு வந்தவை. தண்ணீரைப் பிடித்து வைப்பதில் காட்டு மண்தான் மூத்தது.

கடையத்துத் தங்கச்சி: கருங்குரங்கும் சிங்கவால் குரங்கும் ஒன்றா அண்ணே? இரண்டுமே கறுப்பாகத்தானே இருக்கின்றன?

இல்லை. கருங்குரங்கு என்கிற கருமந்திக்கு உடம்பு கறுப்பு, தலைமயிர் மட்டும் பழுப்பு மஞ்சள். வால் நீளம். இலைதான் முக்கியச் சாப்பாடு. விடியலில் பள்ளத்தாக்கே அதிரும்படி 'ஹூ ஹூ' என்று குரல் கொடுக்கும். லேகியத்துக்கு என்று ஒரு காலத்தில் இதைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த லேகியத்தால் எவன் தேறினானோ!

சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, குட்டையான வால், வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. களக்காடு சரணாலயம் ஏற்பட்டதே இதைக் காப்பாற்றத்தான். தரைக்கு இறங்க விரும்பாது, கிளை விட்டுக் கிளை போகும். நடுவில் காட்டை வெட்டிவிட்டால் அதற்குப் பாதை போச்சு.

இதைப் பார்க்க ஆசை என்றால் முதலில் வெடிப்பலா மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூ நுனிக்கொம்பில் வராது. தடித்த கிளையின் பட்டையிலிருந்தே கொத்துக் கொத்தாய், வெளிறிய பழுப்பில் கிளம்பும். இதழே இல்லை, சதைப்பற்றான உறைதான். காட்டில் மற்றப் பழங்கள் அருகிப்போன கோடைத் தொடக்கத்தில் பூப்பதால் எல்லாருக்கும் பந்தி அங்கேதான். பகலில் குரங்கும் மலையணிலும், இரவில் மரநாயும் வௌவாலும். உறையை மென்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போடும். மரத்தடி முழுக்கப் பூக்கூளம். சாப்பிட வந்த கூட்டமே மகரந்தத்தையும் மரத்துக்கு மரம் கடத்துகிறது என்று மாஞ்சோலைக்கு மேலே இருக்கிற ககாச்சிக் காட்டில் ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு உடம்பெல்லாம் முள்ளோடு காய் வரும். அதைப் பிளந்து கொட்டையை எடுக்கிற சாமர்த்தியம் சிங்கவால் குரங்குக்கு உண்டு. ககாச்சிப் பக்கம் காலடியில் புதிதாகப் பிளந்த முள் ஓடு கிடந்தால் நின்று, வாயை மூடிக்கொண்டு, மேலே பாருங்கள்.

நாங்குநேரித் தம்பி: அட்டைக்கடிக்கு என்ன வழி?

காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள், மழையில் கரையும், மறுபடி தடவ வேண்டும். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள், உப்பு வைத்தால் விழும். இரத்தம் உறையாமலிருக்க அது ஏதோ விட்டுவிட்டுப் போகும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை.

வள்ளியூரிலிருந்து: அரிக்கொம்பன் யானை இன்னும் இங்கேதானா?

2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலரோடு, மேல் கோதையாறு முத்துக்குழிவயல் காட்டில் விட்டார்கள். அந்த செப்டம்பரிலேயே மாஞ்சோலைத் தேயிலைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

கல்லிடைக்குறிச்சிப் பெரியவர் ஒருவர்: அகத்தியர் மலைக்கு நம் பக்கமிருந்து ஏற முடியுமா?

இப்போது விடுவதில்லை ஐயா. 1,868 மீட்டர் உச்சி. கேரளாவில் போனக்காடு வழியாக, அவர்கள் வனத்துறையில் முன்பதிவு செய்து, கோடைக்கு முன் ஏறுகிறார்கள். பாணதீர்த்தம் அருவிக்குப் போகவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மதினி: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் தங்குகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

குடில் போட்டுத் தங்குவது நம் வழக்கம், அதில் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அது விலங்குகள் தண்ணீர் குடிக்கிற ஆற்றங்கரை. சோப்பு, ஷாம்பு பாக்கெட் வேண்டாம். குளித்த துணியை ஆற்றில் விடுகிற பழக்கத்தை எந்தச் சாமியும் கேட்கவில்லை. நாட்டுக்குரங்குக்குச் சோறு போடாதீர்கள், நாளைக்கு அது உங்கள் பிள்ளை கையிலிருந்து பிடுங்கும்.

மாஞ்சோலைக்கும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமலோ, கனமழை எச்சரிக்கை நாளிலோ போனால் மணிமுத்தாறு சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.