நகையை அடகு வைக்காதீர்கள், அவள் பிளேட்டோ படிக்கட்டும்

அம்மா, "பிலாசஃபி படித்தால் சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். பயம் புரிகிறது. ஆனால் நகையை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கிவிடு என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் நோட்டைத் திறந்து காட்டினாள். 'தியாயிட்டெட்டஸ் உட்கார்ந்திருக்கிறான்', 'தியாயிட்டெட்டஸ் பறக்கிறான்', இரண்டே வரி. பழைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் 'சோஃபிஸ்ட்' உரையாடலில் வருவது, தியாயிட்டெட்டஸ் அதில் பேசும் ஒரு பையன். இல்லாததைச் சொல்லவோ நினைக்கவோ முடியாது என்று அவருக்கு முந்தைய தத்துவஞானி பார்மெனிடீஸ் சொல்லிவிட்டுப் போக, அப்படியானால் பொய் என்று ஒன்று எப்படி இருக்க முடியும் என்ற சிக்கல் வந்துவிட்டது. பையனும் நிஜம், பறப்பது என்பதும் உலகில் உண்டு, அவனைப் பற்றி உள்ளதற்கு வேறான ஒன்றைச் சொல்வதுதான் பொய் என்று பிளேட்டோ அதை அவிழ்க்கிறார். ஃபிசிக்ஸ் பற்றிக் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்ன பெண், இதைப் பென்சிலில் அம்புக்குறி போட்டுப் போட்டு எனக்கு விளக்கினாள்.

இன்ஜினியரிங் முடித்தால் வேலை உறுதி என்கிறார் அண்ணன். நாளைக்குக் கடற்போர் நடக்கும் அல்லது நடக்காது, இவ்வளவுதான் உறுதி, இரண்டில் எது என்பது இன்றே முடிவாகிவிடவில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். நாலு வருஷம் கழித்து வரவேண்டிய வேலையும் அப்படித்தான். வட்டி மட்டும் அடகு வைத்த நாளிலிருந்தே ஓடும்.

சரி, வழி என்ன? தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. தத்துவம் இருக்கிறது. அப்புறம் எம்.ஏ.வுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம், இல்லையென்றால் நுழைவுத் தேர்வு எழுதி டெல்லியில் ஒரு பல்கலைக்கழகம். கல்லூரியில் பாடம் எடுக்க நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு உண்டு. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடம், 250 மதிப்பெண் வீதம் 2 தாள்கள், பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் முதல் தாளிலேயே இருக்கிறார்கள். கூடவே கிரேக்கம் படிக்கட்டும், எழுத்து 24தான். 'பெர்சியஸ்' இணைய நூலகத்தில் இவர்கள் எழுதியவற்றின் கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். தெரியாமல் சொன்ன தவறுக்கும் தெரிந்தே சொன்ன பொய்க்கும் கிரேக்கத்தில் 'ப்சூடோஸ்' என்ற ஒரே சொல்தான், மொழிபெயர்ப்பவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார், அந்த இடங்களை மூலத்தில்தான் பிடிக்க முடியும்.

பி.ஏ. மட்டும் போதாது, எம்.ஏ.வோடு 5 வருஷம் ஆகும், அவளிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தெரியும் சார் என்றாள். இந்த வாரம் அடகுக் கடைக்குப் போகவேண்டாம், அவளைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் போய்க் கட்டணம் எவ்வளவு என்று நேரில் விசாரித்துவிட்டு வாருங்கள்.