எல்லாரும் நல்லவர்கள்தான், அப்புறம் விதிமுறை எதற்கு?

கேள்வி: ஒன்பது பேர் வேலை செய்யும் சிறிய வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். ஆறு வருடமாக எழுதி வைத்த விதி என்று எதுவும் கிடையாது. போன மாதம் கணக்கு பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டார். வங்கி, மின்னஞ்சல், இணையதளம் எல்லாவற்றுக்கும் அவருடைய சொந்த கைபேசி எண்தான் பதிவாகியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மீட்டெடுக்க இரண்டு வாரம் ஆனது. அதே சமயத்தில் ஒரு பெண் ஊழியர், "அவருக்கு மட்டும் பத்து நாள் லீவு கொடுத்தீங்க, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டு அழுதுவிட்டார். எங்கிருந்தாவது ஒரு விதிப் புத்தகத்தை எடுத்துப் போடு என்கிறார் என் கணவர். குடும்பம் மாதிரி இருக்கிற இடம் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தோழிக்கு,

முதலில் அந்தப் பெண்ணின் அழுகையைப் பற்றிப் பேசிவிடலாம். நீங்கள் பாரபட்சம் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்து நாள் லீவு வாங்கியவர் கேட்டபோது வேலை குறைவாக இருந்திருக்கும், இந்தப் பெண் கேட்டபோது தலைக்கு மேல் வேலை இருந்திருக்கும். ஆனால் அது உங்கள் மனதுக்குள் மட்டும் இருக்கிற கணக்கு. எழுதி வைத்தது எதுவும் இல்லாத இடத்தில் எல்லாரும் முதலாளியின் முகம் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. குடும்பம் மாதிரி என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் அந்தப் பெண் லீவு கேட்க எத்தனை நாள் தயங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும், இரண்டு பேர் ஒரே நாளில் கேட்டால் யாருக்கு முதலில் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால் போதும், அவர் அழுதிருக்க மாட்டார்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எழுதத்தான் வேண்டும். ஆனால் வேறு நிறுவனத்தின் புத்தகத்தை எடுத்துப் போடாதீர்கள். அதில் மூன்று கட்ட விசாரணை, மேல்முறையீட்டுக் குழு என்றெல்லாம் இருக்கும். ஒன்பது பேர் உள்ள இடத்தில் அதை நடத்த முடியாது. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், நீங்களே எழுதி நீங்களே பின்பற்றாத அந்தக் காகிதம்தான் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பண விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பில் போடுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆள் போதாது என்றால், பணம் அனுப்பும் கடைசி அனுமதியாவது உங்கள் கையில் இருக்கட்டும். மாதா மாதம் வங்கி ஸ்டேட்மென்டை நீங்களே வரி வரியாகப் பாருங்கள். கணக்கு பார்ப்பவர் வருடத்தில் ஒரு வாரமாவது தொடர்ந்து லீவில் போக வேண்டும், அந்த வாரம் அவர் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும். வங்கிகளில் பல காலமாக இருக்கும் பழக்கம் இது. மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் அந்த ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும்.

இது ஊழியரைச் சந்தேகப்படுவதில்லையா என்று கேட்பீர்கள். டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவர்களுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் எடுக்க வழியும் இருந்தது. 'கடனாகத்தானே எடுக்கிறோம், திருப்பி வைத்துவிடலாம்' என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். இதைப் படித்த பிறகு என் மனதில் பட்டது இதுதான்: சம்பள அட்வான்ஸுக்கு ஒரு விதி எழுதுங்கள். எவ்வளவு வரை, எத்தனை தவணையில் பிடிப்பீர்கள் என்று எல்லாருக்கும் தெரியட்டும். கஷ்டத்தை வெளியே சொல்ல ஒரு கதவு திறந்திருந்தால், நல்ல மனிதர் ஒருவர் தவறான கதவைத் தட்டாமல் இருக்கலாம்.

நான் முன்பு வேலை பார்த்த சிறிய அலுவலகத்தில் நடந்ததையும் சொல்கிறேன். சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே கையொப்பம், அதே எழுத்து வடிவம். முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். கணக்கு பார்த்த பெண் பணத்தை அனுப்பிவிட்டார், அது திரும்ப வரவே இல்லை. அவர் மேல் எனக்கு இன்று வரை கோபம் கிடையாது. 'கணக்கு எண் மாறினால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது' என்ற ஒரே வரியை நாங்கள் யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

உங்களுக்கு நடந்த கைபேசி எண் விவகாரத்துக்கு வருவோம். எல்லாக் கணக்கும் நிறுவனத்தின் எண்ணிலும் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், முதன்மை உரிமை உங்களுடையது. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: சாவி, மடிக்கணினி, வாடிக்கையாளர் விவரங்கள், அன்றே மாற்ற வேண்டிய பாஸ்வேர்டுகள். யார் போனாலும் அதே பட்டியல்தான் என்றால் யாருக்கும் அவமானமாக இருக்காது.

தொல்லை பற்றிய புகாருக்கும் ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். வேலை செய்யும் இடத்தில் வன்முறையையும் தொல்லையையும் தடுக்கச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, பயிற்சிக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. வேலை சம்பந்தமாகக் கைபேசியில் வரும் செய்திகளும் அதில் அடங்கும். சின்ன இடங்களில் சிக்கல் எங்கே என்றால், யார் மேல் புகாரோ அவர் முதலாளியின் உறவினராகவே இருக்கலாம். அதனால் புகாரைக் கேட்க இரண்டு பேரைச் சொல்லுங்கள், ஒருவர் வெளியாளாக இருக்கட்டும். நீங்கள் நம்பும் வழக்கறிஞரோ தணிக்கையாளரோ போதும்.

உடை, கைபேசி, தேநீர் இடைவேளை, இதற்கெல்லாம் விதி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வாயால் சொன்னாலே போதும்.

எழுதியதை ஒன்பது பேரோடும் உட்கார்ந்து படியுங்கள். 'இது நடக்காது மேடம்' என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் திருத்துங்கள். அப்புறம் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். லீவு, வேலை நேரம், கடைசிச் சம்பளம் இவற்றில் சட்டம் கொடுத்ததை உங்கள் காகிதம் குறைக்க முடியாது. உங்கள் கணவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வவுச்சர் எழுதாமல் அவர் ஒருமுறை கல்லாவிலிருந்து பணம் எடுத்தால், மறுநாளிலிருந்து யாரும் எழுத மாட்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். அவர் கேட்ட லீவுக்கு ஒரு தேதி சொல்லுங்கள். லீவு விதி எழுதும்போது முதல் வரைவை அவரிடம்தான் காட்டப் போகிறேன் என்பதையும் சொல்லுங்கள்.