டொயோட்டாவின் 4ஏ-எஃப்இ, 4ஏ-ஜிஇ, 7ஏ-எஃப்இ எல்லாம் ஒரே இன்ஜினா? பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

ஒரே இன்ஜின் இல்லை, ஒரே குடும்பம். 1970களின் இறுதியில் டொயோட்டா தொடங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் வரிசைக்கு 'ஏ' என்று பெயர். புதிய இன்ஜினை அடியிலிருந்து வடிவமைத்து, அதற்கு வார்ப்பு அச்சும் செய்வது பெரிய செலவு. அதனால் அடிப்படையை வைத்துக்கொண்டு அளவையும் மேல்பகுதியையும் மாற்றிக்கொண்டே போனார்கள்.

4ஏ, 7ஏ இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 81 மி.மீ.தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 77 மி.மீ.யிலிருந்து 85.5 ஆனது, 1587 சிசி 1762 ஆகிவிட்டது. ஒரே வாய் அகலமுள்ள இரண்டு டம்ளரில் ஒன்று கொஞ்சம் உயரம் என்றால் காபி கூடுதலாகப் பிடிக்கும் இல்லையா, அதே கணக்கு.

அப்புறம் எழுத்துகள். 'இ' என்றால் கார்புரேட்டர் இல்லை, மின்னணு முறையில் பெட்ரோல் தெளிப்பு. 'எஃப்', 'ஜி' இரண்டிலும் இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) உண்டு. 'எஃப்' சிக்கனத்துக்கு, 'ஜி' வேகத்துக்கு. 1983இல் வந்த ஏஇ86 கொரோலாவின் பெயரை இன்றும் பலர் சொல்வதற்கு 4ஏ-ஜிஇ ஒரு முக்கியக் காரணம். அதிலேயே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) சேர்த்தால் 4ஏ-ஜிஇசட்இ. (பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் கருணை இருந்திருக்கலாம்.)

முன்னால் வரும் 4 சிலிண்டர் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது குடும்பத்துக்குள் வரிசை எண்தான், 7ஏ-விலும் சிலிண்டர் நான்குதான்.